பீரோ போன திசையும் வந்த திசையும்

எனக்குப் பயம் என்பது எப்போதாவது வந்து போகிற விருந்தாளி இல்லை. வீட்டு ஆள். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று பயம். இறங்கினால் வேறு ஊரில் இறங்கிவிட்டோமோ என்று பயம். கேஸை மூடிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, தெருமுனை வரை போனபிறகு திரும்பி வந்து கேஸை மூடினோமா என்று பார்க்கிற ரகம் நான். "பயப்படறதுக்குச் சம்பளம் குடுத்தா நீ இந்நேரம் கலெக்டரா ஆயிருப்ப, பாப்பா" என்பாள் என் அண்ணி. அண்ணியைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவள் இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, சிதம்பரத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு ஆசிரியையாகப் போய் நின்றேன் என்றால் அதை என்னாலேயே நம்ப முடியாது. தினமும் கடலூர் முதுநகரில் காலைப் பாசஞ்சர் பிடித்துப் போவேன். ரயிலில் அன்றைய பாடத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எதிரில் இருப்பவர்கள் ஏதோ ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் மரியாதையாகத் தள்ளி உட்காருவார்கள். வகுப்பில் சாக்பீஸ் பிடித்த கை நடுங்குவது தெரியக்கூடாது என்று கரும்பலகையில் அழுத்தி எழுதுவேன். சாக்பீஸ் உடைந்துகொண்டே இருக்கும்.

2011 டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், 'வேலை' என்ற பாடத்தை நடத்தினேன். விசை வெக்டர், இடப்பெயர்ச்சி வெக்டர், இரண்டும் சேர்ந்து தரும் வேலை மட்டும் ஸ்கேலார், அதற்கு அளவு உண்டு, திசை கிடையாது, இது இரண்டு மார்க் கேள்வி, அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கீரப்பாளையத்திலிருந்து மினிபஸ்ஸில் வருகிற ஒரு பெண், இரண்டாம் பெஞ்சு, எழுந்து நின்றாள். குறும்புக்காரி இல்லை. அதனால் உட்கார் என்று அதட்டவும் முடியாது.

"மிஸ், விசைக்கும் திசை இருக்கு. நகர்றதுக்கும் திசை இருக்கு. ரெண்டையும் பெருக்கினா, இருந்த திசை எங்க மிஸ் போச்சு?"

"அது ஸ்கேலார் பெருக்கல்மா. அதனால விடையும் ஸ்கேலார்."

"வெக்டர் பெருக்கல்னு இன்னொண்ணு இருக்குன்னு போன வாரம் சொன்னீங்களே மிஸ். இதுக்கு ஏன் அது வரல?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. கல்லூரியில் ஐந்து வருஷம் இந்தப் பெருக்கலுக்கான புள்ளியை இரண்டு எழுத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. பெல் அடித்தது. "லீவு முடிஞ்சு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோது ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது.

விடுமுறை தொடங்கியும் அந்தக் கேள்வி விடவில்லை. வீட்டில் இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். எல்லாம் நான் சொன்னதையே சொல்லின. ஜனவரியில் அந்தப் பெண் மறுபடி எழுந்து நிற்பாள், நான் மறுபடி முழிப்பேன், அந்த மிஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பரவும் என்று நினைத்து நினைத்தே சோறு இறங்கவில்லை. பிறகு வந்த பயம் இந்தப் பயத்தைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டது.

எங்கள் வீடு உப்பனாற்றுக்குப் பக்கம். ஒரு நீளக் கூடம், ஒட்டினாற்போல் ஒரு சமையலறை, அவ்வளவுதான். மேலே சிமெண்ட் ஷீட். கூடத்தின் வடக்குக் கடைசியில் தெருக்கதவு, தெற்குக் கடைசியில் ஆற்றுப் பக்கம் திறக்கும் கொல்லைக்கதவு. இரண்டும் உள்பக்கமாகத் திறப்பவை. அந்தக் கூடத்தில்தான் கிழக்குச் சுவரையொட்டி அம்மாவின் கட்டில் கிடந்தது. துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். புரளக்கூட இரண்டு பேர் பிடிக்க வேண்டும். காலை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா காலமாகிப் பல வருஷம். அண்ணன் மஸ்கட்டில். வீட்டில் அம்மா, நான், கல்யாணமாகி வந்து நாலைந்து மாதம்கூட ஆகாத அண்ணி.

அண்ணிக்குச் சொந்த ஊர் குமராட்சி. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவள். புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோவைத் திறந்து, துணிகளைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டு, மேல்தட்டுகளில் அரிசி, பருப்பு, புளிப்பானை, எவர்சில்வர் சாமான் எல்லாவற்றையும் ஏற்றினாள். தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் சோற்றுக்குக் கஷ்டம் வராது என்றாள். எனக்கும் அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏனென்றால் எங்களுக்கும் தண்ணீர்தான் பயம்.

2004இல் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நான் பிளஸ் டூ மாணவி. கடல் உப்பனாறு வழியாக உள்ளே வந்தது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மணிக்கட்டை அம்மா பிடித்தாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓடி மேட்டில் ஏறி நிற்கும்வரை விடவில்லை. பிறகும் விடவில்லை. நாலு விரலும் பதிந்து நீலம் பூத்திருந்தது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவோடு தண்ணீர் நின்றுவிட்டது. எங்களுக்குக் கிழக்கே இருந்த பல வீடுகள் இல்லாமலே போயின. அன்றைக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஆபத்து என்றால் அது ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் வரும். வானிலை அறிக்கையில் காற்று என்று சொன்னாலும் எங்கள் காதில் தண்ணீர் என்றுதான் விழும்.

அதனால், வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்யமாட்டாத ஒரு காரியத்தை நாங்கள் செய்தோம். கொல்லைக்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எப்போதும் நிற்கிற பீரோவைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஆற்றைப் பார்த்த அந்தக் கதவை நன்றாக அடைத்தோம். கதவடியில் பழைய சாக்குகளைச் செருகினோம். தெருக்கதவுக்கு வெறும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தோம். வாசல் பக்கத்திலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு தைரியம். என் வாழ்நாளில் நான் தைரியமாக இருந்த ஓரிரு சமயங்களில் அது ஒன்று.

விடிந்தும் விடியாத நேரத்தில் காற்று வந்தது. ஆற்றிலிருந்து இல்லை. வடக்கிலிருந்து, நேராகத் தெருக்கதவில்.

காற்று அப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. ஊளை என்று சொல்வார்கள். ஊளைக்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. இது மூச்சே விடாமல் ஒரே சுருதியில் இருந்தது. காது அடைத்துக்கொண்டது. வெளியே தென்னைமரங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் மட்டும் அதற்கு மேலே தனியாகக் கேட்டது. கதவு உள்பக்கமாக உப்பியது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்த ஸ்குருக்கள் மரத்தை விட்டு வெளியே வர ஆரம்பித்தன. அவை வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் நகரவில்லை.

சிமெண்ட் ஷீட் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மேலே அடிக்கிற காற்றை ஷீட் எப்படியாவது தாங்கும். கதவைப் பிய்த்துக்கொண்டு காற்று உள்ளே நுழைந்துவிட்டால் கீழிருந்து தூக்கும். அதை, ஷீட்டைப் பிடித்திருக்கிற கொக்கி போல்ட்டு தாங்காது. மேலே ஷீட், கீழே அசையக்கூடாத அம்மா.

"பீரோவ இங்க கொண்டாரணும்" என்றாள் அண்ணி.

"காலி பண்ணிட்டு இழுக்கலாம் அண்ணி."

"வெயிட்டு இருந்தாத்தான் கதவு நிக்கும். வா."

கூடத்தின் முழு நீளத்துக்கும் அதை இழுத்தோம். இழுத்தோம் என்பது அழகான சொல். அவள் முன்னால் நின்று விளிம்பைப் பிடித்து இழுத்தாள், நான் பின்னால் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன், பீரோ கொஞ்சம் வரும், அப்புறம் பிடிவாதமாக நிற்கும். கீழே சாக்குப் போட நேரமில்லை. அதன் இரும்புக் கால்கள் சிவப்பு சிமெண்ட் தரையைக் கீறிக்கொண்டே வந்தன. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. அம்மாவின் தலைமாட்டைத் தாண்டும்போது அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன விட்டுட்டு எதிர் மாடி வீட்டுக்குப் போயிடுங்கம்மா ரெண்டு பேரும்" என்றாள்.

"சும்மா இருங்க அத்தை" என்றாள் அண்ணி, இழுத்தபடியே.

கதவில் பீரோவைச் சேர்த்ததும் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் பீரோவில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி நின்றோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பீரோ ஒரு நூல் நகரவில்லை. நகராத பொருளின்மேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் செய்த வேலை பூஜ்யம் என்று நான் குழந்தைகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது ஞாபகம் வந்திருந்தால் அந்தப் புத்தகத்தைத் தேடியெடுத்துக் கிழித்திருப்பேன். வேலை பூஜ்யம் என்பது பீரோவின் கணக்கு. உள்ளே நடுங்கிக்கொண்டிருந்த தொடையின் கணக்கு வேறு.

பிறகு காற்று நின்றது. குறையவில்லை, நின்றது. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எங்கள் முருங்கைமரமும் தெருவின் கரண்ட் கம்பமும் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கம்பிகள் தண்ணீருக்குள் கிடந்தன. அந்த வழியாகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவது நடக்காது. எதிர் மாடி வீட்டு மாமா பால்கனிக்கு வந்து, "போயிடுச்சும்மா, அவ்ளோதான், போயிடுச்சு" என்று கையை ஆட்டினார். அவர் வீட்டில் எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் பீரோ விளிம்பு பட்டுக் கிழிந்திருந்தது. ஒரு விரலில் நகம் பாதி எழும்பியிருந்தது. "அத்தைக்கு ஒரு டீ போட்டுக் குடுக்கிறேன்" என்று சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. நிம்மதி எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க முதல் காற்றைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இத்தனை பெரிய சத்தம் எங்கே போயிருக்கும் என்று தோன்றியது.

"அண்ணி, இது கண்ணு. புயலோட நடுவுல நிக்கிறோம். கிரைண்டர் கல்லு சுத்துறப்ப, இந்த ஓரத்துல மாவு இந்தப் பக்கம் போவும், எதிர் ஓரத்துல அந்தப் பக்கம் போவும் இல்ல? மிச்சப் பாதி இனிமேதான் வரும். தெக்கேருந்து வரும். கொல்லைக்கதவுல அடிக்கும்."

"நிச்சயமா தெரியுமா உனக்கு?"

"தெரியாது. பயமா இருக்கு."

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு பீரோவைப் பார்த்தாள். அது கிளம்பிய இடத்தைப் பார்த்தாள். கூடம் அப்போது ரொம்ப நீளமாக இருந்தது. "இப்பதான அங்கேருந்து இங்க இழுத்தாந்தோம். திரும்ப அங்கயே கொண்டுபோய் வெச்சா, காலைலேருந்து செத்ததெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டாள். அழுதாள். நான் அவள் அழுது அதுவரை பார்த்ததில்லை.

போய்ப் பீரோவின் விளிம்பைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் நானே இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பின்னாலிருந்து அது திடீரென்று நகர்ந்தபோதுதான் அவள் எழுந்து வந்து தோளைக் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்தது. முந்தின தடவை அவள் முன்னால், நான் பின்னால். இந்தத் தடவை நான் முன்னால், அவள் பின்னால். மறுபடியும் அம்மாவின் தலைமாட்டைத் தாண்டினோம்.

இன்னும் ஒரு முழம் பாக்கி இருக்கும்போது தெற்குக் காற்று வந்தது. கொல்லைக்கதவு திறந்து பீரோவில் மோதியது. அந்த இடைவெளி வழியாகக் காற்று கூடத்துக்குள் புகுந்தது. தலைக்கு மேல் ஷீட்டுகள் எல்லாம் சேர்ந்து மூச்சு இழுத்தாற்போல ஒருமுறை எழும்பி உட்கார்ந்தன. அண்ணி கத்தினாள். என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்து, தலையைக் குனிந்து, முட்டித் தள்ளினோம். அந்த ஒரு முழம் மற்ற தூரத்தையெல்லாம்விடப் பெரிய தூரம். கதவு மூடியது. பீரோ சேர்ந்தது. மறுபடி முதுகைச் சாய்த்து நின்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், அம்மாவின் கால்மாட்டுக்கு மேலே ஒரு ஷீட் பாதி உடைந்து ஒரே ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வானம் தெரிந்தது. மழை அம்மாவின் காலில் விழுந்தது.

"போய்க் கட்டில இழு, நான் புடிச்சுக்கிறேன்" என்று என் காதில் வாயை வைத்துச் சொன்னாள் அண்ணி.

போக முடியவில்லை. அந்த ஷீட்டுக்குக் கீழே போய் நிற்கவேண்டும். அது ஆடியது. என் உடம்பு பீரோவோடு ஒட்டிக்கொண்டது. அப்போது அம்மா கையை நீட்டினாள். கூப்பிடுவதற்கு இல்லை, வேண்டாம், அங்கேயே இரு என்று சைகை காட்டுவதற்கு. மணிக்கட்டு தெரிந்தது. சுனாமி அன்றைக்கு என்னை விடாமல் பிடித்திருந்த கை இதுதான் என்று நினைத்தேனா, இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேனா, தெரியவில்லை. போய்விட்டேன். தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக் கட்டிலோடு சேர்த்து அம்மாவை வடக்குப் பக்கமாக இழுத்தேன். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். காலை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஒவ்வொரு இழுப்புக்கும் கேட்டது. கட்டில் நகர்ந்து கொஞ்ச நேரத்தில் ஷீட் விழுந்தது. விழுந்த இடத்தில் வெறும் தரை இருந்தது.

அன்று மதியத்துக்கு மேல் காற்று அடங்கியது. சமையலறைக் கூரை முழுதும் போய்விட்டிருந்தது. கூடத்தில் ஒரு ஷீட் மட்டும்தான் போயிருந்தது. ரோடு திறந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளேட் அசையவில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. சிதம்பரத்தில் சேதம் குறைவு. எங்கள் பக்கம் அப்போதும் கரண்ட் வரவில்லை. கசங்கிய புடவையோடு வகுப்புக்குப் போனேன். கீரப்பாளையத்துப் பெண் வந்திருந்தாள். அவள் எழுந்து கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்துவிட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். அவள் எழுந்து நிற்பதைப் பார்க்கிற தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காலியாக இருந்த கடைசி பெஞ்சை ஜன்னல் பக்கம் இழுக்கச் சொன்னேன். பிறகு பழைய இடத்துக்கே இழுக்கச் சொன்னேன்.

"போறப்ப விசை எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம் மிஸ்."

"நகர்ந்தது?"

"ஜன்னல் பக்கம்."

"வர்றப்ப?"

"ரெண்டுமே சுவர் பக்கம் மிஸ்."

"விசை திரும்பிடுச்சு. நகர்றதும் திரும்பிடுச்சு. ரெண்டும் சேர்ந்து திரும்பினா அந்தப் பெருக்கல் என்ன ஆவும்?"

மைனஸும் மைனஸும் ப்ளஸ் என்று நாலைந்து குரல் வந்தது. "அதான். போனப்ப எவ்ளோ வேலையோ, வந்தப்பவும் அவ்ளோ வேலை. வேலைக்குன்னு ஒரு திசை இருந்திருந்தா, எல்லாத்தையும் திருப்பிப் போட்டப்ப அதுவும் திரும்பியிருக்கணும். திரும்பல. இந்த வகுப்பையே அப்படியே தூக்கித் தெற்கப் பார்த்து வெச்சுட்டு பெஞ்சை இழுத்தாலும் அதே வேலைதான். விசைக்கும் நகர்றதுக்கும் நடுவுல எவ்ளோ கோணம்ங்கறது மட்டும்தான் கணக்கு. அது எந்த ஊரைப் பார்த்துச்சுங்கறது கணக்குல வராது. அதனாலதான் இந்தப் பெருக்கல்."

கீரப்பாளையத்துப் பெண் எழுந்தாள்.

"அப்ப நெகட்டிவ் வேலைன்னு புத்தகத்துல இருக்கே மிஸ். அந்த மைனஸ் திசை இல்லையா?"

நான் கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கூடம்தான். அதன் தரையைத்தான் பார்த்தேன். "தரை பெஞ்சை விடாம இழுத்துப் புடிக்குதில்ல, அந்த உராய்வு செய்யற வேலை மைனஸ்" என்றேன். "ஜன்னலுக்குப் போறப்பவும் மைனஸ். சுவருக்கு வர்றப்பவும் மைனஸ். மைனஸ் திசையா இருந்தா ஒரு தடவையாவது ப்ளஸ் வந்திருக்கணுமே. அது பக்கம் இல்லம்மா. குடுக்கறதா, பறிக்கறதாங்கறதுதான். நாம குடுத்தோம், தரை பறிச்சுது. ரெண்டு தடவையும்."

அவள் நின்றபடியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். ஒரு கேள்விக்கு நான் பயப்படாமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொல்ல ஆசைதான். பயந்துகொண்டேதான் சொன்னேன். ஆனால் சாக்பீஸ் உடையவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவு வாங்கிக்கொண்டு வந்தான். புயலுக்குப் பிறகு பல நாள் போன் கிடைக்காமல் அங்கே பைத்தியம் பிடித்தவன்போல் இருந்திருக்கிறான். வந்ததும் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தான். புது ஷீட்டை அண்ணாந்து பார்த்தான். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொல்லைக்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பழையபடி நின்ற பீரோவைத் தட்டினான்.

"நல்லவேளை, பீரோ இருந்த எடத்துலயே இருக்கு. இதுக்கு ஒண்ணும் ஆவல. அசைக்கற அளவுக்குக்கூட வேலை வரல போல."

அவன் நிம்மதியில் சொன்னதுதான். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அண்ணி நிலைப்படியில் வந்து நின்றாள். புது நகம் இன்னும் முழுதாக முளைக்காத விரலைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். எனக்கு வாய் வரை வந்தது. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்து நின்றுவிட்டேன்.

கட்டிலிலிருந்து அம்மா பேசினாள்.

"போறப்பவும் என் தலமாட்டு வழியாத்தான் இழுத்தாங்க. வர்றப்பவும் என் தலமாட்டு வழியாத்தான் இழுத்தாங்க. நான் படுத்துக்கினு பாத்தேன். இருந்த எடத்துலயே இருக்குன்னு ஒண்ணுல இன்னொண்ணக் கழிச்சுடாத. ரெண்டையும் கூட்டிக்க."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். பிறகுதான் தரையைப் பார்த்தான். கூடம் நெடுகச் சிவப்பு சிமெண்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடின. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கோட்டை விரலால் தடவினான். கண் கலங்கியிருந்தது.

"இதுல போன கோடு எது, வந்த கோடு எது?" என்று கேட்டான்.

நானும் அண்ணியும் குனிந்து பார்த்தோம். எங்களுக்கும் தெரியவில்லை.